தலைக்கட்டுக்கு வெளியே

2018 மார்ச் 20 அன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடியை அடுத்த விடுதி கிராமத்தில் பெரியார் சிலையின் தலை துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய நேரத்தில், அறந்தாங்கியிலும் அதே கதி. இரண்டு முறையும் கண்டனங்கள் குவிந்தன, போலீஸ் வந்தது, தலைவர்கள் அறிக்கை விட்டார்கள். கடவுள் இல்லை என்று வாழ்நாளெல்லாம் சொன்னவரின் சிலைக்கு இத்தனை பேர் துணைக்கு வருவது தமிழ்நாட்டில்தான் நடக்கும். தம்மை நாத்திகர் என்று மறைக்காமல் சொன்ன கருணாநிதி ஐந்து முறை முதலமைச்சராக இருந்த மாநிலம் இது. சட்டமன்றத்தில் கடவுளின் பெயரைச் சொல்லாமல் ‘உளமார’ உறுதிமொழி எடுப்பதை இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சிலை சொல்லும் சேதியை மெய்யென்று எடுத்துக்கொண்டு அதன்படி நடக்க முனைகிறவருக்கு அதே ஊரில் என்ன நேர்கிறது என்பதுதான் இங்கே என் கேள்வி. மேடையில் நாத்திகம் பேசத் தமிழ்நாட்டில் பெரிய விலை இல்லை. வீட்டிலும் தெருவிலும் ஊர்க் கூட்டத்திலும் அதைக் கடைப்பிடிக்கத்தான் விலை. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. நிலம் உள்ளவருக்கு ஒன்று, இல்லாதவருக்கு ஒன்று. பிறந்த சாதிக்கும் மதத்துக்கும் ஏற்ப வேறு வேறு. பகுத்தறிவு இயக்கத்தின் எழுத்துகள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் போட்டுக் காட்டியதில்லை. போட்டுக் காட்டினால் தொண்டர்கள் சோர்ந்துவிடுவார்கள் என்ற தயக்கம் அதற்குக் காரணமாக இருக்கலாம். மறைத்து வைப்பதால் விலை குறைந்துவிடுவதில்லை என்பதால் அதை எழுதத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

புதுக்கோட்டைச் சீமைக்குக் கடவுள் மறுப்பு புதிதல்ல. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள் இன்றும் வழவழப்பாக இருக்கின்றன. உலகைப் படைத்த கடவுள் என ஒருவரைச் சமணம் ஏற்பதில்லை. வேதத்தை ஒப்பாததால் வைதிகர்கள் அதை நாத்திகத்தில் சேர்த்தார்கள். ஆனால் அந்தத் துறவிகள் ஊரை விட்டு மலைக்குப் போனவர்கள். ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு மறுப்பது வேறு காரியம்.

அந்த ஊர் எப்படி அமைந்தது என்று பார்க்க வேண்டும். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்களின் அரசு திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் பெயரில் நடந்த அரசு. மன்னர்கள் தங்களைப் ‘பிரகதாம்பாள் தாசர்’ என்றே சொல்லிக்கொண்டார்கள். சமஸ்தானத்தின் அம்மன் காசில் அவள் உருவம்தான் இருந்தது. 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணையும் வரை நிலை இதுதான். நிக்கோலஸ் டர்க்ஸ் என்ற மானுடவியல் அறிஞர் இந்த சமஸ்தானத்தைப் பற்றி 1987இல் வெளியிட்ட ‘தி ஹாலோ கிரவுன்’ என்ற நூல், இங்கே அதிகாரம் என்பதே இனாம் நிலமும் கோயில் மரியாதையும் கைமாறும் முறையில்தான் இயங்கியது என்று விரிவாகக் காட்டுகிறது. யாருக்கு முதல் மரியாதை, யாருக்கு எந்த மண்டகப்படி, எந்தக் கரை எந்தப் பக்கம் வடம் பிடிக்கும் என்பதெல்லாம் பக்தியின் விவரங்களாக மட்டும் இருந்ததில்லை. ஊரில் ஒருவர் யார் என்பதற்கான பதிவேடே அதுதான். மன்னர் போனார், இனாம் ஒழிந்தது. பதிவேடு மட்டும் போகவில்லை.

2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 16,18,345. ஐந்தில் நான்கு பங்கினர் கிராமத்தில்தான் இருக்கிறார்கள். அந்தக் கிராமங்களில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. திருவிழாவுக்கு முன்னால் ஊர்க் கூட்டம் போட்டு, இவ்வளவு என்று முடிவு செய்து, பழைய நோட்டை எடுத்துவைத்துப் பெயர் பெயராக வாசிப்பார்கள். கொடுத்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு, பாக்கிக்கு ஒரு சுழி. பங்காளிகள் அடுத்தடுத்த வரிசையில் இருப்பார்கள். தகப்பன் இறந்தால் மகன் பெயர் ஏறும். அண்ணன் தம்பி தனிக்குடித்தனம் போனால் ஒன்று இரண்டாகும். ஊருக்குப் பொதுவான கண்மாய் மீன், புளியமரக் குத்தகை, சண்டை சச்சரவுக்கான பஞ்சாயத்து எல்லாம் பல ஊர்களில் இதே கூட்டத்தில்தான் பேசப்படுகின்றன. ஒருவரை ஊர் தண்டிக்க நினைத்தால் முதலில் செய்வது என்ன? அவரிடம் வரி வாங்க மறுப்பதுதான். பணம் கொடுக்காமல் இருப்பதைவிடப் பணத்தை வாங்க மறுப்பது பெரிய தண்டனை.

இப்போது நாத்திகர் ஒருவர், ‘எனக்கு நம்பிக்கை இல்லை, சாமி காரியத்துக்கு நான் வரி தரமாட்டேன்’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவர் மறுத்தது சாமியை. ஊரின் காதில் விழுவது, ‘நான் உங்களில் ஒருவன் இல்லை’ என்பது. அவராகவே தம்மை ஊரை விட்டுத் தள்ளிவைத்துக்கொள்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் யாரும் அவரை அடிப்பதில்லை, திட்டுவதும் இல்லை. வீதியுலா வரும்போது அவர் வாசலில் சாமி நிற்காமல் போகும். அது அவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த வாசலில் அவருடைய தாயாரும் நிற்கிறார். அவரது தோட்டத்துக்குத் தண்ணீர் முறை வரும்போது, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, வரப்புத் தகராறில் சாட்சி தேவைப்படும்போது, ‘அவர்தான் ஊரோட சேராதவராச்சே’ என்ற பேச்சு வரும். அதனால்தான் என் கணிப்பில், நம் கிராமத்து நாத்திகர்களில் பெரும்பாலோர் வரியைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போகாமல் இருக்கிறார்கள். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரில் இருப்பதற்கான வாடகை அது.

இதே மாவட்டத்தில் கடவுள் இல்லாமலே நடக்கும் இன்னொரு பெரிய ஏற்பாடும் இருக்கிறது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம் வட்டாரத்தில் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்து. பந்தலில் கறிச்சோறு, ஒரு பக்கம் வரிசையாக மேசை போட்டு மொய் எழுதுவார்கள், வாங்கியவர் அடுத்தவர் விருந்தில் கூடுதலாகச் செய்தாக வேண்டும். லட்சக்கணக்கில் புரளும் இந்தக் கடன் முறையில் நம்பிக்கை முழுக்க மனிதர் மேல்தான். நாத்திகர் இதில் தாராளமாக உட்காரலாம், உட்காருகிறார். ஆனால் மொய்க்கு அழைப்பு வருவது உறவாலும் ஊராலும்தான். அந்த உறவைப் புதுப்பித்துக்கொள்ளும் இடம் திரும்பவும் கோயில்வாசல். காதுகுத்து குலதெய்வம் கோயிலில், கிடாவெட்டு அங்கே, முதல் முடி அங்கே. பத்து வருடம் குலதெய்வத்துக் கூட்டத்துக்குப் போகாதவரின் பெயர் பங்காளி வகையறாவின் நினைவிலிருந்து மெல்ல நழுவும்.

பெண்ணின் கணக்கு இன்னும் கடினம். ஆண் நாத்திகராக இருந்தால், ‘அவர் கொள்கை அப்படி’ என்று ஒரு மதிப்பே கிடைக்கும். கறுப்புச் சட்டை அவருக்கு ஓர் அடையாளம். அவர் மறுத்த காரியங்களை வீட்டில் மனைவி சத்தமில்லாமல் செய்து ஊரோடு உறவைக் காப்பாற்றிவைப்பார். பெண் நாத்திகராக இருந்தால் அப்படிக் காப்பாற்றிவைக்க யாரும் இல்லை. பொட்டில்லை, தாலியில்லை என்றால் ஊர் முதலில் கேட்பது கொள்கையைப் பற்றி அல்ல, புருஷனைப் பற்றி. எங்கள் பக்கத்து மது எடுப்புத் திருவிழாவைப் பாருங்கள். குடத்தில் நெல் நிரப்பி, விரியாத தென்னம்பாளையைச் செருகி, பெண்கள் தலையில் சுமந்து ஊர்வலமாகப் போகிறார்கள். கட்டிக்கொடுத்த மகள்கள் அதற்கென்று பிறந்த ஊருக்கு வருவார்கள். வருடத்தில் வேலைவெட்டி இல்லாமல், மாமியார் கண் படாமல், தோழிகளோடு தெருவை அடைத்துக்கொண்டு நடக்கிற நாள் அது. அதை மூடத்தனம் என்று ஒதுக்குகிற பெண், மூடத்தனத்தோடு சேர்த்து அந்த நாளையும் இழக்கிறாள். இயக்கத்து ஆண்கள் எழுதிய எழுத்துகளில் இந்த இழப்பு கண்ணில் படுவதில்லை.

சாவு வீட்டில் எல்லாம் ஒன்றாக வந்து சேரும். நீர்மாலை, கோடி, கொள்ளி, கருமாதி எதுவும் வேண்டாம் என்று எழுதிவைத்தவரின் உடலைச் சுற்றி நிற்பவர்கள் நம்புகிறவர்கள். உடல்தானம் நல்ல வழி. 2017இல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ எடுத்துப்போக வேண்டிய அலைச்சலும் குறைந்தது. ஆனால் இறந்தவர் என்னதான் எழுதிவைத்திருந்தாலும் உடலை ஒப்படைப்பது வாரிசுகள்தான். பங்காளிகள் கூடி, ‘தகப்பனுக்குக் கொள்ளி வைக்காத பிள்ளை’ என்று மகனைப் பேசிவிட்டால் அங்கே எழுத்து நிற்காது. சாவுக்குப் பிந்தைய வாழ்வை நம்பாதவர், தம் சாவுக்குப் பின் தம் பிள்ளைகள் அந்த ஊரில் வாழ வேண்டுமே என்று நினைத்து விட்டுக்கொடுப்பதும் உண்டு.

சட்டம் ஒரு காலத்தில் இன்னும் கொடுமையாக இருந்தது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் 1928இலிருந்து நடந்துவந்தன. 1934இல் அப்படி மணந்துகொண்ட இணையர் ஒருவரின் சொத்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. மணமகன் நாட்டுக்கோட்டை நகரத்தார், மனைவியை இழந்தவர். மணமகள் ரெட்டியார் சமூகம், கணவரை இழந்தவர். தெய்வானை ஆச்சி வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருக்கும் அதில் 1953இல் வந்த தீர்ப்பு, சடங்கு இல்லாததால் அந்தத் திருமணம் செல்லாது என்றது. இருபது ஆண்டு இல்லறம் ஒரு தாளில் இல்லாமல் ஆனது. பிள்ளைகளுக்கு முறையான வாரிசு என்ற தகுதி போயிற்று. அக்கினியை வலம்வராத குற்றத்துக்குப் பெற்றவர்கள் கொடுத்த விலையைவிடப் பிள்ளைகள் கொடுத்தது அதிகம். அண்ணா முதலமைச்சராகி 1967இல் கொண்டுவந்த திருத்தம், 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, நடந்துமுடிந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் சேர்த்தே சட்ட ஏற்பு கொடுத்தது. இந்த அண்ணாவேதான் தி.மு.க.வைத் தொடங்கிய பிறகு, கடவுள் மறுப்பைக் கட்சியின் நிபந்தனையாக வைக்காமல், திருமூலரின் ஒரே தெய்வக் கருத்தை முழக்கமாக எடுத்துக்கொண்டவர். ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போக வேண்டிய கட்சிக்கு நாத்திகம் பாரம் என்று அவர் கணக்கிட்டிருக்க வேண்டும்.

இன்றைக்கும் சட்டப்படி முழுக்க வெளியேறிவிட முடியாது. கிறிஸ்தவரோ முஸ்லிமோ பார்சியோ யூதரோ இல்லாத யாவரையும் இந்துத் திருமணச் சட்டம் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது; நாத்திகரும் அதற்குள்தான். பள்ளிச் சான்றிதழில் சாதி மதத்தை எழுதாமல் விடலாம் என்று 1973லும் 2000லும் தமிழக அரசு ஆணைகள் போட்டிருக்கிறது. அப்படியும் ‘சாதி மதம் அற்றவர்’ என்று ஒரு தாள் வாங்கத் திருப்பத்தூர் வழக்கறிஞர் ம.ஆ.சிநேகா பல ஆண்டுகள் அலைந்தார். 2019 பிப்ரவரியில்தான் கிடைத்தது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய சான்றிதழ் தர வழிசெய்யும்படி அரசுக்கு உத்தரவிட்டது.

ஆனால் தாளைக் கையில் வாங்குவதற்கு முன் ஒருவர் எண்ணிப்பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. பட்டியல் சாதியில் பிறந்தவருக்கு அது இருமுனைக் கத்தி. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவருக்கே பட்டியல் சாதித் தகுதி. மதமே இல்லை என்று எழுதிக்கொடுத்தால் இட ஒதுக்கீட்டுக்கு ஆபத்து. ஆக, நாத்திகத்தைத் தாளில் பதிவது, ஏற்கெனவே எல்லாம் உள்ளவருக்குச் செலவில்லாத காரியம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் தலித் மாணவருக்கு எதிர்காலத்தையே பணயம் வைக்கும் காரியம். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் தம்மை நாத்திகர் என்று பதிந்தவர்கள் சுமார் 33,000 பேர் மட்டும். 121 கோடியில் அவ்வளவுதானா என்று வியப்பவர்கள், சொன்னால் என்ன போகும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

வேங்கைவயலை இங்கே சொல்லாமல் விட முடியாது. 2022 டிசம்பரில் முட்டுக்காடு ஊராட்சியைச் சேர்ந்த அந்த ஊரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. விசாரிக்கப்போன ஆட்சியர் கவிதா ராமு, அருகிலுள்ள இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் அங்குள்ள அய்யனார் கோயிலுக்குள் தலித்துகள் விடப்படுவதில்லை என்பதையும் கண்டு, அவர்களைக் கையோடு கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அப்போது சாமியாடியபடி ஒரு பெண் அவர்களை இழிவாகப் பேசினார், கைது செய்யப்பட்டார். சாமியின் வாய் வழியாகவே சாதி பேசிய இடம் அது. அந்தத் தெருவில் ஓர் இளைஞர் கடவுளை நம்பாதவராக இருந்திருந்தால் என்ன செய்வார்? நான் கும்பிட மாட்டேன் என்று வீட்டில் இருந்துவிட முடியுமா? தாம் நம்பாத கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காக அவர் முன்வரிசையில் நின்றாக வேண்டும். 1924இல் வைக்கத்தில் பெரியாருக்கும் இதே நிலைதான். கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றார். உள்ளே போகும் வழி உள்ளவருக்குத்தான் வெளியே நிற்பது ஒரு கொள்கை முடிவாக முடியும். வழி மறுக்கப்பட்டவர் முதலில் வழியை வாங்க வேண்டும்.

முஸ்லிமாகப் பிறந்தவரின் விலை உயிர் வரைக்கும் போயிருக்கிறது. கோவையில் பழைய இரும்பு வியாபாரம் செய்த ஃபாரூக், திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்தவர், வயது 31, கடவுள் மறுப்பை வாட்ஸ்அப் குழுவில் எழுதிவந்தவர். 2017 மார்ச் 16 இரவு உக்கடத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். சிலை உடைந்தபோது வந்த கூட்டம் இவருக்கு வரவில்லை. வந்தவர் அவருடைய தகப்பனார். நம்பிக்கையுள்ள முஸ்லிமான அவர், மகன் இருந்த அமைப்பில் தாமும் சேர்வதாக நிருபர்களிடம் சொன்னார். பிறந்த மதத்தை விட்ட கேரளப் பெண் சஃபியா, தம் சொத்துக்கு மதச் சட்டம் பொருந்தாது என்று அறிவிக்கும்படி உச்ச நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கிறது. மனசாட்சிச் சுதந்திரம் என்று அரசமைப்பின் 25ஆவது பிரிவு சொல்வது, சொத்துப் பத்திரத்துக்கு வரும்போது இன்னும் தெளிவடையவில்லை.

இவையெல்லாம் வெளியே நேர்பவை. உள்ளே என்ன நேர்கிறது? 2017இல் வில் ஜெர்வேயும் அவருடைய குழுவினரும் இந்தியா உள்பட 13 நாடுகளில் செய்த ஆய்வு மனதை வாட்டுவது. கொடிய குற்றம் செய்த ஒருவரைப் பற்றிச் சொல்லி அவர் யாராக இருக்கலாம் என்று யோசிக்க வைத்தால், மனம் தானாகவே நாத்திகர் பக்கம் சாய்கிறது. நாத்திகர்களின் மனமும் அப்படியே. சாமிக்குப் பயப்படாதவன் எதற்கும் துணிவான் என்று நம் ஊரில் சொல்வது உலகமெங்கும் இருக்கிற பயம்தான். அந்தச் சந்தேகத்தைத் தினமும் பொய்யாக்கிக் காட்ட வேண்டிய பாரம் நாத்திகருக்கு உண்டு. அவர் வட்டிக் கணக்கில் தவறினால் கொள்கைமேல் பழி வரும்; பக்தர் தவறினால் சாமிமேல் பழி வராது.

தனிமை அதைவிடப் பெரிது. மதநம்பிக்கை உள்ளவர்கள் கூடுதல் நிறைவோடு இருப்பதாக ஆய்வுகள் சொல்லும்போது பக்தர்கள் மகிழ்கிறார்கள், நாத்திகர்கள் மறுக்கிறார்கள். இரு தரப்பும் காரணத்தைக் கவனிப்பதில்லை. சேயூன் லிம், ராபர்ட் புட்னம் இருவரும் 2010இல் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு காட்டியது, அந்த நிறைவு வழிபாட்டுத் தலத்தில் கிடைக்கும் நண்பர்களால் வருகிறது என்பது. எட் டீனர் குழுவினர் 2011இல் பல நாட்டுத் தரவுகளைப் பார்த்து, வறுமையும் பாதுகாப்பின்மையும் மிகுந்த, மதம் ஊறிய சமூகங்களில்தான் இந்த நன்மை பெரிதாகத் தெரிகிறது என்றார்கள். அதாவது கடவுளை இழந்ததால் வரும் வெறுமையைவிட, கடவுளைச் சுற்றி நிற்கும் மனிதர்களை இழந்ததால் வரும் வெறுமை பெரிது. மருத்துவமனையில் பிள்ளை கிடக்கும் இரவில் நேர்ந்துகொள்ள ஒரு அம்மன் இல்லை என்பதும் இழப்புதான். அதை நான் மறுக்க மாட்டேன். பகத்சிங் 1930இல் லாகூர்ச் சிறையில் எழுதிய ‘நான் ஏன் நாத்திகன்’ கட்டுரையிலேயே, நம்பிக்கை துன்பத்தைத் தணிக்கும் என்றும் அது இல்லாமல் சொந்தக் காலில் நிற்பது எளிதல்ல என்றும் ஒப்புக்கொள்கிறார். அதைத் தமிழில் கொண்டுவந்ததற்காக ஜீவாவும் பெரியாரின் அண்ணன் ஈ.வெ.கிருஷ்ணசாமியும் கைதானார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தக் கட்டுரையின் வாதங்களை எடுத்துக்கொண்ட அளவுக்கு இந்த ஒப்புதலை எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த விலைக்கு அஞ்சி யாரும் நம்ப வேண்டியதில்லை. நம்பிக்கை அப்படி வருவதுமில்லை. விலையைக் குறைக்கலாம் என்பதே என் கட்சி. மகாராஷ்டிரத்தில் 2016இல் சமூக ஒதுக்கலைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. சாதிப் பஞ்சாயத்தோ ஊரோ ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைப்பது அங்கே தனிக் குற்றம். தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. பெரியார் சிலைக்குக் காவல் போடுகிற அரசு, வரி மறுத்தவரின் வீட்டுக்கு எந்தப் பிரிவின் கீழ் காவல் தரும் என்று கேட்டால் பதில் கிடைப்பது கடினம்.

சட்டத்தைவிட ஆள்துணை முக்கியம் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம் சாமி பேரைச் சொல்லிக் கூட்டிய கூட்டமில்லை. சாமியை மறுத்தும் கூட்டவில்லை. அறிவியல் இயக்கத்தினர், ஆசிரியர்கள், இடதுசாரிகள், கோயிலுக்குப் போகிறவர்கள், போகாதவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். ராத்திரியில் தெருவிளக்கடியில் எழுத்துக் கற்றார்கள், பாட்டுக் கட்டினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களே குத்தகைக்கு எடுத்து நடத்தின. அந்தக் கூட்டத்தில் நாத்திகப் பெண் ஒருத்தி ஊரை விட்டு விலகாமலே இருக்க இடமிருந்தது; அவளிடம் யாரும் வரி நோட்டை நீட்டவில்லை. 1992இல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. பிறகு இயக்கத்தின் வேகம் தணிந்தது. அது கூட்டிய மாலைநேரக் கூட்டங்களுக்குப் பதிலாகப் பகுத்தறிவு அமைப்புகள் இந்தக் கிராமங்களில் எதையும் இன்னும் வைக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு மாநாடும் பிறந்தநாளுக்கு ஒரு மாலையும் ஒரு குடும்பத்தின் முந்நூற்றறுபது நாளுக்குப் போதாது.